கழிவு

மூன்றாவது குத்தில்
கடப்பாரை வேறு குரலில் பேசியது.
களிமண் 'சதக்' என்னும், வேர் 'நறுக்' என்னும்.
இது உள்ளே காலியான ஒன்றின் சத்தம்.

பக்கிரிசாமி என்னைப் பார்த்தான்.
நான் குழியைப் பார்த்தேன்.
வாடை எங்கள் இருவரையும் பார்த்தது.

கூத்தாநல்லூர் தாண்டி, லெட்சுமாங்குடிப் பக்கம்,
போன வருஷத்து நடவு வயலில்
இந்த வருஷத்து வீடு.
சொந்தக்காரர் நஜ்முதீன் பாய் புருனேயில்.
ஆயிரத்து இருநூறு சதுர அடிக்குக் கொரியப் புல்,
நட்ட நடுவில் ஒரு செண்பகம்.
செண்பகத்துக்குத்தான் குழி.

நாலு அங்குலக் குழாய்.
ஒரு முழ ஆழத்தில்,
கையில் கொடுத்த வரைபடத்தில் இல்லாமல்,
பின்கட்டிலிருந்து தொட்டிக்குக்
குறுக்கே படுத்திருக்கிறது.

மதிலில் கேமரா உண்டு.
எங்களுக்கும் அதற்கும் நடுவே
நாங்களே கொட்டிய வண்டல் குவியல்,
ஆள் உயரம்.

'மூடிரலாம்ணே' என்றான் பக்கிரி,
வேறு யாரோ சொல்லச் சொன்னதுபோல.

மூடலாம்.
வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிட்டால்
இங்கே அடுப்படித் தரைகூட வியர்க்கும்.
எது கசிவு, எது ஆறு என்று
யார் வந்து பிரித்துச் சொல்வது?
அதோடு, புல் அந்த இடத்தில்தான்
மற்ற இடத்தையெல்லாம் விடப் பச்சையாக வரும்.
புருனேயிலிருந்து கைதட்டும் பொம்மை அனுப்புவார்.

மண்வெட்டியை நானே எடுத்தேன்.
ஒரு வெட்டு தள்ளினேன்.
இதை எழுதாமல் விடலாம்.
ஆனால் தள்ளினேன்.

அப்போது மூலையில் அடி பம்பு முனகியது.
காவலுக்கு இருப்பவரின் மனைவி பரிமளம்
குடத்தை வைத்து அடித்துக்கொண்டிருந்தாள்.
பத்து மணிக்கு அந்தத் தண்ணீரைத்தான்
சொம்பில் கொடுத்தாள்.
அண்ணாந்து குடித்தேன், லேசாக இனித்தது.
பம்புக்கும் குழிக்கும்
என் காலுக்குப் பதினாறு தப்படி.
இந்த மண்ணில் தண்ணீருக்குப் பதினைந்தே அடி.

தள்ளியதைத் திரும்ப அள்ளினேன்.

'பாய், ஒண்ணு உடைச்சுட்டோம்.'
சலாம், சௌக்கியம் எல்லாம் அதற்கப்புறம்.
படமும் அனுப்பினேன்:
உடைந்த வாய், பக்கத்தில் அளவுக்கு என் செருப்பு.
நீலக் கோடு இரண்டும் விழுந்தன.
பதில் விழவில்லை.

காத்திருக்கும் நேரத்தில்
கக்கூஸ் கதவைப் பூட்டச் சொன்னேன்.
பம்பை அடிக்காதே என்றேன் பரிமளத்திடம்,
ஏனென்றும் சொன்னேன்.
அவள் இடுப்புக் குடத்தை இறக்கி
வாய்க்காலில் கவிழ்த்தாள்.
கேன் தண்ணீர் இரண்டு வாங்கி வைத்தேன்.

'என் கூலியில புடிப்பீங்களா?'
'இங்க தோண்டுன்னு சொன்னது யாரு?'
'நீங்கதான்.'
'அப்புறம் என்ன?'
பீடிக்கு முதல் குச்சி அணைந்தது அவனுக்கு.
இரண்டாவதும்.

சாயங்காலம் அழைத்தார்.
'எத்தனை நாளா கசியுது?'
'இன்னைக்குத்தான் பாய்.'
'எப்படி நம்புறது?'
'நம்ப வேணாம். பிளம்பரை நீங்களே அனுப்புங்க,
காசு என்னோடது.'

அனுப்பிய ஆள் மறுநாள் வந்தார்.
குழிக்குள் எட்டிப் பார்த்து,
'ஒரு முழத்துலயா போடுவான்? எந்த மடையன்?' என்றார்.
பிறகு இறங்கி மண்ணைத் துடைத்தார்.
இணைப்பில் சிவப்பு பெயின்ட்டில் ஒரு குறி.
அதே குறி அவருடைய பையிலும் இருந்தது.
நான் செண்பகக் கன்றுக்குத் தண்ணீர் தெளித்தேன்.
அவர் பேசாமல் அறுத்து, பேசாமல் ஒட்டி,
போகும்போது
கூலியில் முந்நூறு குறைத்துக் கேட்டார்.

பில்லின் கடைசி வரியில்
என் கையெழுத்திலேயே எழுதினேன்:
கழிவு, மூவாயிரத்து நானூறு.
பாய் மேற்கொண்டு ஆயிரம் பிடித்துக்கொண்டார்,
மன உளைச்சலுக்காம்.
சரி என்றேன். பக்கிரிக்கு முழுக் கூலி.

இப்போதெல்லாம் குழி போடுமுன் அவன்
கடப்பாரையைத் தலைகீழாகப் பிடித்து
மண்ணைத் தட்டிப் பார்க்கிறான்,
தர்பூசணி வாங்குகிறவன்போல.

செண்பகம் துளிர்விட்டது, நாலடி தள்ளி.
மாதம் ஒருமுறை கேமராவில் பார்த்துவிட்டு
பாய் கேட்கிறார்:
'நடுவுல இல்லையே?'

நடுவுல குழாய் இருக்கு, பாய்.